விடுமுறைக்கு வண்ணநூல் வேலை: எந்த வயதுப் பிள்ளைக்கு எது சரிவரும்?

கொக்குவில் அம்மா:

வணக்கம். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிவிட்டது. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நாலரை. இருவரையும் போனுக்கு முன்னாலிருந்து எழுப்ப வேண்டும். அம்மாவின் பழைய பிஸ்கற் தகரம் நிறைய எம்பிராய்டரி நூல் இருக்கிறது, பாதிக்கு மேல் சிக்கு. கொஞ்சம் கம்பளி நூலும் கிடக்கிறது. யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் ஒரு கடையில் பெட்டியாக விற்கும் கைவேலைச் சாமான் ஒன்றும் வாங்கினேன். பெட்டிப் படத்தில் சிரிக்கிற பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். உள்ளே இருக்கிற விளக்கத்தாள் எனக்கே விளங்கவில்லை. ஊசியும் நல்ல கூர்.

எந்த வயதுக்கு எதைக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சின்னவளிடம் ஊசி கொடுக்க மனமில்லை. நிறையச் செலவழிக்கவும் விருப்பமில்லை. அப்புறம், "பெடியனுக்கு ஏன் நூல் வேலை" என்று மாமா ஒரு பக்கம் முணுமுணுக்கிறார். அதற்கும் ஒரு பதில் தேவை.

ஊசிநூல்:

தங்கச்சி, அந்தப் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வையுங்கள். உள்ளே இருக்கும் நூலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நூலின் நீளம். பெரியவர்கள் அடிக்கடி ஊசி கோர்க்கப் பஞ்சிப்பட்டு இரண்டு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளத்தில் இரண்டு மடங்கு, நூலை வெட்டிக் கொடுத்துவிடுவோம். பிள்ளை இழுத்து முடிப்பதற்குள் அது கதிரைக்காலைச் சுற்றி, முடிச்சு விழுந்து, அழுகையில் முடியும். பிள்ளையின் தோளிலிருந்து விரல்நுனி வரை எவ்வளவோ அவ்வளவு நூல் போதும். முடிந்தால் இன்னொரு துண்டு. நிறம் மாறுவதும் அவர்களுக்குப் பிடிக்கும்.

சின்னவளுக்கு மட்டையில் கோர்க்கிற வேலை கொடுங்கள். பால்மாப் பெட்டி மட்டையை மாம்பழ வடிவிலோ மீன் வடிவிலோ வெட்டி, ஓரத்தில் பஞ்ச் பண்ணும் கருவியால் துளை போடுங்கள். கம்பளி நூலின் நுனியில் ஒரு சிறு துண்டு ஒட்டும் ரேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் அதுவே ஊசி. ரேப் இல்லாவிட்டால் மெழுகுதிரியைத் தேய்த்து விரலால் உருட்டிவிடலாம், கொஞ்ச நேரம் தாங்கும். மேலே போய்க் கீழே வருவது அந்த வயதில் உடனே பிடிபடாது. ஓரத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வரும். வரட்டும், அதுவும் ஒரு தையல்தான்.

அடுத்தது ஈர்க்கு வேலை. விளக்குமாற்றுக்கு எடுக்கிற தென்னை ஈர்க்கின் தடித்த அடிப்பக்கத்தில் ஒரு சாண் அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கூட்டல் அடையாளமாக வைத்து நடுவில் குறுக்கும் மறுக்குமாகக் கட்டுவது உங்கள் வேலை. பிறகு பிள்ளை நூலை ஒரு ஈர்க்கின் மேலால் கொண்டுபோய், அதைப் பின்னால் ஒருமுறை சுற்றி எடுத்து, அடுத்த ஈர்க்குக்குப் போக வேண்டும். மேலால், சுற்று, அடுத்தது. அவ்வளவுதான். திருப்புகிற திசையை மட்டும் மாற்றக் கூடாது. நாலைந்து சுற்றிலேயே நடுவில் சாய்சதுரம் ஒன்று எழும்பிவிடும். மெக்சிக்கோவின் விறாரிக்கா மக்கள் இதைப் பிள்ளைகளுக்காக, வழிபாட்டுப் பொருளாகவே செய்வார்கள். கடவுளின் கண் என்று பெயர். ஐஸ்பழக் குச்சியிலும் செய்யலாம், ஆனால் ஈர்க்கு என்றால் முற்றத்திலேயே கிடைக்கும்.

வடமராட்சியான்:

மாமாவின் கேள்விக்கு முதலில் பதில். அவரை ஒரு நாள் பின்னேரம் குருநகர்க் கரைக்கோ பருத்தித்துறைக் கரைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கண் கண்ணாக வலை பொத்துகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்தான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஆளைவிடப் பெரிய பட்டங்களுக்கு முச்சை (ஏற்றும் நூலைப் பட்டத்தோடு இணைக்கிற கட்டு) கட்டி ஏற்றுகிறவர்கள் யார்? முச்சை ஒரு விரற்கடை தவறினால் பட்டம் குத்துக்கரணம் போடும். அது நூல் வேலை இல்லாமல் வேறென்ன?

ஒரு எச்சரிக்கை. பட்டக்காரர் வீடு என்றால் தங்கூசி (நைலோன் இழை) கிடக்கும். அதைக் கைவேலைக்குப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். இழுத்தால் விரலை வெட்டும், முடிச்சும் நில்லாது.

எட்டு வயதுக்காரனுக்கு ஒரு நல்ல வேலை சொல்கிறேன். ஜப்பானியர்களின் குமிஹிமோ என்ற கயிறு பின்னுகிற முறையைச் சுருக்கியது. கோப்பைத் தட்டு அளவில் தடித்த மட்டையை வட்டமாக வெட்டுங்கள். நடுவில் பென்சில் நுழையும் துளை. ஓரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் எட்டு வெட்டு, ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் ஆழம். ஏழு நூல், 60 சென்ரிமீற்றர் அளவில். ஏழையும் ஒரு நுனியில் சேர்த்து முடிச்சுப் போட்டு முடிச்சைத் துளைக்குள் கீழே விட்டு, ஒரு வெட்டில் ஒரு நூலாக மாட்டுங்கள். எட்டாவது வெட்டு வெறுமையாக இருக்கும்.

வெறும் வெட்டு பிள்ளையின் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து ஒரே பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, மூன்றாவது நூலை எடுத்து வெறும் வெட்டில் மாட்டவும். இப்போது வேறொரு வெட்டு வெறுமை. மட்டையைத் திருப்பி அதை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து திரும்பவும் எண்ணவும். கீழே துளைக்குள்ளால் உருண்டைக் கயிறு இறங்கி வரும். நாலு நூல் ஒரு நிறமும் மூன்று நூல் இன்னொரு நிறமும் என்று போட்டால் வரி சுழன்று சுழன்று வரும். பாதியில் விட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போகலாம், வெறும் வெட்டு இருக்கும் வரை எங்கே விட்டோம் என்ற குழப்பமே இல்லை. எங்கள் வீட்டுப் பெடியள் இதைப் பேருந்தில்கூடச் செய்கிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் இல்ல நிறத்தில் கைப்பட்டி பின்னி வகுப்பு முழுக்கக் கொடுத்தார்கள்.

ஓய்வு ரீச்சர்:

நல்ல உரையாடல் இழை. நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாடசாலைக் கண்காட்சிக்கு வருகிற கைவேலைகளில் பிள்ளை செய்தது எது, அம்மா இரவு பதினொரு மணிக்கு இருந்து செய்தது எது என்று எங்களுக்குப் பார்த்தவுடனேயே தெரியும். பிள்ளையின் தையலில் ஒரு கண் பெரிதாக இருக்கும், ஒரு கண் சிறிதாக இருக்கும். ஒழுங்கு வரி வரியாக வந்தால் அது தாயின் கை. பிள்ளை நித்திரைக்குப் போன பிறகு அதை எடுத்து "கொஞ்சம் திருத்திவிடுகிறேன்" என்று கை வைக்காதீர்கள். காலையில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சாமானைத் தொடாது.

செலவில்லாத நூல் ஒன்றும் சொல்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வண்ணநூல் கண்ணுக்குக் கிடைக்காது. மா வருகிற சாக்கின் வாயைத் தைத்த வெள்ளை நூலைத்தான் சேர்த்து வைப்போம். அது சங்கிலித் தையல். ஒரு பக்கத்து நுனியை வெட்டி, சரியான இழையைப் பிடித்து இழுத்தால் கரகரவென்று ஒரே இழுவையில் முழுத்தையலும் கழன்று வரும். மற்றப் பக்கத்திலிருந்து இழுத்தால் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் என்று பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். இப்போதும் பேக்கரிகளில் கேட்டால் சாக்கு தருவார்கள். அந்த நூல் பருத்தி என்றால் சாயமும் ஏறும்.

நூல் வேலை இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதில்லை. ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்திலேயே தையலும் ஒரு பாடம். அப்போது பெண்பிள்ளைகளுக்கு மட்டும். பெடியனுக்கும் கொடுக்கலாம் என்பதில் வடமராட்சித் தம்பியோடு நான் ஒத்துப்போகிறேன்.

ஊசிநூல்:

ரீச்சர், ஒரு சின்ன மறுப்பு. முழுக்கக் கை வைக்காமல் விடவும் ஏலாது. கடைசி முடிச்சை நாலரை வயதுப் பிள்ளை போட்டால் பின்னேரத்துக்குள் எல்லாம் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்ததைப் பார்த்து அழுகிற அழுகை கோணல் தையலைப் பார்த்து வருவதில்லை. தொடக்க முடிச்சும் கடைசி முடிச்சும் பெரியவருக்கு, நடுவில் உள்ளது பிள்ளைக்கு என்பதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

ஓய்வு ரீச்சர்:

முடிச்சுப் போடுங்கள், அதற்கு நான் தடையில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது போடுங்கள்.

சுன்னாகத்தார்:

எல்லாம் வாசிக்க வடிவாகத்தான் இருக்கிறது. என் மகள் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் வகுப்பு காலையிலும் உண்டு, பின்னேரத்திலும் உண்டு. இதற்கிடையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தால் கணக்கு யார் செய்வது? குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

ஓய்வு ரீச்சர்:

நியாயமான கேள்வி. கணக்கோடு சேர்ந்த ஒன்று தருகிறேன், அரை மணித்தியாலம் போதும்.

ஒரு மட்டையில் எல் வடிவத்தில் இரண்டு கோடு கீறுங்கள், ஒவ்வொன்றும் பத்து சென்ரிமீற்றர். மூலையிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாக இரண்டு கோட்டிலும் 1 முதல் 10 வரை இலக்கமிட்டு, ஊசியால் துளையுங்கள். நிற்கும் கோட்டின் 10இலிருந்து கிடைக்கோட்டின் 1க்கு நூல். 9இலிருந்து 2க்கு. 8இலிருந்து 3க்கு. போடுகிற ஒவ்வொரு நூலும் நேர்கோடு, ஆனால் ஏழெட்டு நூல் போட்டதும் உள்ளே ஒரு வளைவு தெரியும். அது பரவளைவு, பிள்ளை பிறகு மேல்வகுப்பில் சமன்பாடாகச் சந்திக்கப்போகிறது. இப்போது அதை விளக்கத் தேவையில்லை. இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் ஒவ்வொரு முறையும் என்ன வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

இப்படி மட்டையில் நூல் கோர்த்துப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டியவர் மேரி எவரெஸ்ற் பூல், 1832இல் பிறந்து 1916இல் இறந்தவர். பூலியன் இயற்கணிதத்தைத் தந்த ஜோர்ஜ் பூலின் மனைவி. எவரெஸ்ற் மலைக்குப் பெயர் கொடுத்த ஜோர்ஜ் எவரெஸ்ற் இவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ, தகப்பன் வழிச் சொந்தம்.

சுன்னாகத்தார்:

நன்றி ரீச்சர். செய்து பார்க்கிறேன். வகுப்பை நிற்பாட்டுவேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இரவுப்பணி:

நான் மருத்துவப் பக்கம் வேலை செய்கிறவள். கம்பளி நூலை விரலில் மாட்டிப் பின்னுகிற வேலையைப் பிள்ளைகள் விரும்புவார்கள். கண்ணிகளை இறுக்கிப் போட்டால் விரல்நுனி சிவந்து பிறகு நீலம் பாரிக்கும். நடுநடுவே விரலைப் பாருங்கள். கண்ணி சுலபமாக நழுவ வேண்டும், அதுதான் அளவு.

வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் கூடுதல் கவனம். தரையில் விழுந்த நூலோ தலைமயிரோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகிவிடும். காலுறைக்குள் என்றால் வெளியே தெரியாது. காரணமில்லாமல் விடாமல் அழுகிற குழந்தையின் விரல்களைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். வேலை முடிந்ததும் பாயை உதறிவிட்டு மடியுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மணியும் வேண்டாம், கழுத்தில் போடுகிற கயிறும் வேண்டாம்.

ரொறொன்ரோ அப்பா:

விரலில் பின்னுவது பற்றி அக்கா சொன்னது சரி. இங்கே குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது. தெரியாதவர்களுக்கு: நூலை நாலு விரலுக்கிடையே ஒன்றுக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று கொண்டுபோய்த் திரும்பி வர வேண்டும். அதேபோல இன்னொரு முறை. இப்போது ஒவ்வொரு விரலிலும் இரண்டு கண்ணி இருக்கும். கீழ்க்கண்ணியைத் தூக்கி, மேல்கண்ணியைத் தாண்டி, விரலுக்குப் பின்னால் விட வேண்டும். கைக்குப் பின்பக்கம் பட்டி நீளும். என் மகள் ஒன்றைப் பின்னத் தொடங்கி நிற்பாட்டவேயில்லை, கூடத்திலிருந்து படிக்கட்டு வரை கிடக்கிறது. எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லையாம்.

யாழ்ப்பாண வெயிலுக்குக் கம்பளி நூல் கை வேர்க்காதா? அங்கே பருத்தி நூல் தடிப்பாகக் கிடைக்குமா? இன்னொன்று, இங்கே மலிவாக வருவதெல்லாம் அக்ரிலிக். அதற்கு வீட்டில் சாயம் ஏற்றலாமா?

மஞ்சள்முகம்:

அண்ணா, வேர்க்கும். மின்விசிறிக்குக் கீழே இருந்து பின்னினால் நூல் பறக்கும், அது வேறு கரைச்சல். கடையில் கம்பளி நூல் என்று விற்பது இங்கேயும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு சிறு துண்டைக் குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணமும் சாம்பலும். அக்ரிலிக் என்றால் உருகிக் கறுத்த உருண்டையாக இறுகும். அதில் மஞ்சளும் தேயிலையும் ஒட்டாது. பருத்தி வேண்டும்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது பின்னுவதில்லை, சாயம்தான். ரீச்சர் சொன்ன சாக்கு நூலைச் சவர்க்காரம் போட்டு அவித்து அலசி, மஞ்சள்தூள் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் விடுங்கள். அடுப்படியில் நிற்பது பெரியவர் வேலை. நூல் பொன் மஞ்சளாக வரும். காய்ந்த பிறகு ஒரு துண்டைச் சவர்க்காரத் தண்ணீரிலோ தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரிலோ அமிழ்த்துங்கள். கண்முன்னே சிவக்கும். அதை எடுத்துத் தேசிக்காய்ச் சாற்றில் விட்டால் திரும்ப மஞ்சள். எத்தனை தேசிக்காய் போனது என்று மாமி கேட்டார், நான் வாய் திறக்கவில்லை. சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையால் தொட வேண்டாம், சவர்க்காரமே போதும்.

நிலைத்து நிற்கிற நிறம் வேண்டுமென்றால் மஞ்சளை நம்பாதீர்கள், வெயிலில் வெளிறிவிடும். பீற்றூட்டும் அப்படித்தான், எடுத்தவுடன் ரோசா, பிறகு மங்கல். மாதுளந்தோலை அவித்த தண்ணீரில் கொஞ்சம் படிகாரம் போட்டால் மங்கின மஞ்சள் வரும், அது நிற்கும். அதே தண்ணீரில் கறள் பிடித்த ஆணி ஊறின தண்ணீரைச் சேர்த்தால் சாம்பலாகிக் கறுக்கும். தேயிலைச் சாயத்துக்கும் இதே கதை.

ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் எங்கள் தீவுப் பகுதிகளிலும் சாயவேர் தோண்டிச் சேர்த்துத்தான் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அந்த வேருக்கு அப்போது நல்ல ஏற்றுமதியும் இருந்தது. இன்று சிவப்பு நூல் வாங்கக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கொக்குவில் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு வட்ட மட்டை பிடித்துவிட்டது. மூன்று வரை எண்ணுகிற சத்தம்தான் நாள் முழுக்க வீட்டில். முதல் கயிற்றில் ஒரு இடத்தில் இரண்டு நூல் இடம் மாறிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அவிழ்ப்போமா என்று கேட்டேன், "அது முழங்கை" என்றான். மாமாவுக்கு ஒன்று பின்னிக் கொடுத்தான். அதில் சைக்கிள் திறப்பைக் கோர்த்து வைத்திருக்கிறார், முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மகள்தான் பிரச்சினை. மட்டையும் வேண்டாம், ஈர்க்கும் வேண்டாம். தகரத்திலிருக்கும் சிக்கைத்தான் இழுத்து இழுத்துப் பிரிக்கிறாள். எதையும் செய்து முடிக்கவில்லையே என்று எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஓய்வு ரீச்சர்:

அவள் வேலைதான் செய்கிறாள், பிள்ளை. சிக்கு எடுப்பதற்கு எந்தச் சுற்று மேலே, எந்தச் சுற்று கீழே என்று பார்க்க வேண்டும், இழுக்காமல் தளர்த்த வேண்டும். பெரியவர்களுக்கே அந்தப் பொறுமை இல்லை. விடுங்கள். பிரித்ததைச் சுற்றி வைக்க ஏதாவது கொடுங்கள்.

ஊசிநூல்:

உடுப்புக் காயப்போடுகிற மரக்கிளிப் இருந்தால் கொடுங்கள். நூலின் நுனியைக் கிளிப்பின் வாயில் கவ்வக் கொடுத்து, உடம்பில் சுற்றி, மற்ற நுனியையும் வாயிலேயே கொடுத்துவிடலாம். ஒரு கிளிப்புக்கு ஒரு நிறம். சிறு மட்டைத் துண்டில் ஓரத்தை வெட்டிவிட்டாலும் சரி.

எம்பிராய்டரி நூல் ஒரு கண்டு எட்டு மீற்றர் வரும், உள்ளே ஆறு இழை முறுகியிருக்கும். கைப்பட்டிக்கு ஆறும் சேர்ந்தே இருக்கட்டும். மெல்லிய தையலுக்குப் பிரிக்க வேண்டுமானால் ஒரு இழையை மட்டும் பிடித்து மேலே இழுங்கள். மற்ற ஐந்தும் சுருண்டு கீழே இறங்கும், பிறகு நீவிவிட்டால் நேராகிவிடும். இரண்டு இரண்டாக இழுத்தால்தான் சிக்கு. அந்த ஒற்றை இழை உருவி வருவதைப் பார்க்க உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வடமராட்சியான்:

மிஞ்சின துண்டு நூல்களை எறிய வேண்டாம். முள்ளுக்கரண்டியில் கம்பளி நூலைத் தடிப்பாகச் சுற்றி, நடு இடைவெளிக்குள்ளால் ஒரு நூலை விட்டு இறுக்கிக் கட்டி, கரண்டியிலிருந்து கழற்றி இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் குஞ்சம் உருண்டையாக வரும். நவராத்திரிக்கு முன்னரே தொடங்கினால் கொலுவுக்கு ஒரு மாலை கட்டலாம். வாழைநாரில் பூக்கட்டத் தெரிந்த அம்மம்மா யாராவது பக்கத்தில் இருந்தால் அதே முடிச்சில் கட்டித் தருவா.

கொக்குவில் அம்மா:

அம்மம்மா இல்லை, பக்கத்து வீட்டு ஆச்சி இருக்கிறா. கேட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. அம்மாவின் தகரத்தில் உள்ள நூல் எல்லாம் பழையது, சிவப்பு நிறையக் கிடக்கிறது. மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைப் பையில் அவனுடைய பெயரின் முதலெழுத்தைத் தைக்க வேண்டுமாம், அதுவும் சிவப்பில்தானாம். தைக்கலாமா?

மஞ்சள்முகம்:

தைக்க முதல் அந்த நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணித் துண்டு ஒன்றுக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால், இறங்குவது நிற்கும் வரை அலசி நிழலில் காயப்போட்டுவிட்டுத் தையுங்கள். நிற்கவேயில்லை என்றால் அந்தச் சிவப்பை ஈர்க்குக்குக் கொடுத்துவிட்டு, சட்டைக்குப் புதுக்கண்டு ஒன்று வாங்குங்கள். பாடசாலையில் சீருடையில் எழுத்துத் தைக்க விடுவார்களா என்று வகுப்பு ரீச்சரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓய்வு ரீச்சர்:

பையின் உள்பக்கத்தில் தைத்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.